ஊவா மலைகளின் புவிச்சரிதவியற் படங்களும் மாணவர் ஆராய்ச்சியும்

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மாவட்டத்தைச் சிதைத்துச் சென்ற சில வாரங்களின் பின், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். தன் கைப்பேசியிலே வண்ணப்படமொன்றை விரித்துக் காட்டி, “சேர், இதில் எங்கள் லயம் பச்சை நிறத்திற்குள் இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் மலை சரியாதா?” என்று வினவினான். அவன் காட்டியது மண்சரிவுப் படமன்று. நிலத்தின் கீழுள்ள பாறை இனங்களை நிறங்களாற் பிரித்துக் காட்டும் உலகப் பாறைப்படம். அதிற் பச்சை என்பது ஆபத்தின்மையைக் குறிப்பதன்று. படம் வரைந்தோர் ஒரு பாறைக் கூட்டத்திற்குத் தேர்ந்துகொண்ட நிறம் அது, அவ்வளவே. பையனின் தவறு சிறியது. ஆயின், அந்தப் பச்சையை நம்பி ஒரு குடும்பம் மழையிரவிலே உறங்கப் போயிருக்குமாயின் அதன் விளைவு சிறியதாகாது. அவனுக்கு அன்று கூறிய விடையை விரித்து எழுதுமாறு மலராசிரியர் பணித்தமையால் இக்கட்டுரை எழுந்தது.

புவிச்சரிதவியல் என்னும் கல்வி இத்தீவிலே அரசாங்க முறையில் வேரூன்றியதற்கு ஒரு தமிழர் வழிவந்தவரே முதற்காரணர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைச் ‘சிவ நடனம்’ என்னும் நூலின் ஆசிரியராகவே நாம் போற்றுகிறோம். அவர் இலண்டனிலே பயின்றது தாவரவியலும் புவிச்சரிதவியலுமாம். 1903 இல் தொடங்கப்பெற்ற இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக 1906 வரை அவர் கடமையாற்றினார். தோரியனைற் என்னும் கனியம் 1904 இல் உலகுக்குத் தெரியவந்ததும் அவரது முயற்சியாலேயே. கல்லைத் தேடி ஊரூராய் அலைந்தபோதுதான் அவர் கண்கள் கம்மாளரின் பட்டறையிலும் விகாரைச் சுவரிலும் பதிந்தன. அவர் பின் கனடா நாட்டுப் பேராசிரியர் அடம்ஸ் 1929 இல் இலங்கையின் புவிச்சரிதத்தை எழுதினார்; இந்திய அறிஞர் வாடியா 1938 இல் இங்கு அரசாங்கக் கனிப்பொருளியலாளராக வந்து, நம் நாட்டின் மலைநிலம் மூன்று படிகளாக உயர்ந்திருப்பதன் காரணத்தை ஆராய்ந்தார்; பி. ஜி. குரே 1967 இல் வெளியிட்ட நூல் இன்றும் மாணவர்க்கு முதற்படி.

இவர்களுடைய படங்களும் அறிக்கைகளும் நெடுங்காலம் கொழும்பிலே அலுமாரிகளில் இருந்தன. பதுளை மாணவனொருவன் அவற்றைப் பார்க்க விரும்பினால் இரவு அஞ்சல் புகைவண்டியேறிச் செல்லல் வேண்டும். போனாலும் உரிய அதிகாரி விடுமுறையில் இருப்பார். இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தன் மண்சரிவு அபாய வலயப் படங்களை இணையத்திலே வைத்திருக்கிறது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் நாட்டின் பாறைப்படங்களை 1:100,000 அளவுத்திட்டத்தில் வெளியிட்டுள்ளது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் நடத்தும் மக்ரோஸ்ற்றாற் என்னும் தளத்திலே உலகின் எவ்விடத்தைத் தொட்டாலும் அவ்விடத்துப் பாறையினம், அதன் வயது, அத்தகவல் எடுக்கப்பெற்ற மூலப்படம் ஆகியன தோன்றும். பல நாடுகளின் அளவைத் திணைக்களங்கள் 2007 இல் ஒன்றுகூடித் தொடங்கிய ‘ஒன் ஜியோலொஜி’ என்னும் முயற்சியும், இந்தியப் புவிச்சரிதவியல் அளவை நடத்தும் ‘பூகோஷ்’ என்னும் களஞ்சியமும் இவ்வகையினவே. கையிலே கருவி இருக்கிறது; அதனை வாசிக்கும் முறையே இனி வேண்டுவது.

முதலில் நம் காலடியில் இருப்பது யாது எனக் காண்போம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை யாவும் உயர்நிலத் தொகுதி எனப்படும் பாறைக் கூட்டத்தின்மேல் அமைந்தவை. வெல்லவாயவைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல அது முடிந்து, விஜயன் தொகுதி என்னும் வேறு கூட்டம் தொடங்கும். உயர்நிலத் தொகுதியின் பாறைகள் ஒருகாலத்தில் மணலாகவும் களியாகவும் சுண்ணாம்பாகவும் படிந்தவையும், அவற்றினூடே எரிகுழம்பாக நுழைந்தவையுமாம். ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை பூமியின் ஆழத்தே அழுந்தி, வெப்பத்தாலும் நெருக்கத்தாலும் உருமாறின. மணல் குவாட்சைற் ஆயிற்று. சுண்ணாம்பு பளிங்குக்கல் ஆயிற்று. களி, செந்நிற மணிகள் பதித்த கொண்டலைற்று ஆயிற்று. குவாட்சைற் எளிதில் உக்காது. ஆதலின் அது நீண்ட முகடுகளாய் நிமிர்ந்து நிற்கும். மற்றவை உக்கித் தடித்த செம்மண்ணாகும். கவ்வாத்து வெட்டிய மலைக்குத் தூவும் டொலமைற் பொடியும் இப்பளிங்குக்கல் உறவினதே என்று சொன்னால், தோட்டத்துப் பிள்ளைகள் பாடத்தை மறக்கமாட்டார்கள்.

இடையே ஒரு செய்தி. இப்பாறைகளுள் மிகப் பரந்துள்ள சார்ணொக்கைற் என்பதன் பெயர், கல்கத்தாவிலுள்ள யோப் சார்ணொக் என்பவரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அக்கல்லை ஆராய்ந்து பெயரிட்டவர் தொமஸ் ஹொலன்ட். அந்தக் கல்லின் தாயகமோ சென்னையை அடுத்த பரங்கிமலை. கொண்டலைற்று என்பது ஒரிசாவின் கொண்டு மக்களின் பெயரால் வழங்குவது. கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுறுமுன் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாய் இருந்தமையால் இரு கரையிலும் ஒரே பாறைகள் காணப்படுகின்றன. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாய்க் காலாற் நடந்து இம்மலைகளுக்கு வந்தார்கள். அவர்கள் முள்ளுக்குத்தி வெட்டிய கல், அவர்கள் ஊரில் விட்டுவந்த கல்லின் உடன்பிறப்பே. பூகோஷ் படத்தையும் நம் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன் இதனைத் தானே கண்டுகொள்ளலாம்.

நிற்க. படத்தை வாசிப்பதில் மாணவர் இடறி விழும் முதற் குழி அளவுத்திட்டம். 1:100,000 என்னும் படத்திலே ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 100 மீற்றர். பத்துக் காம்பராக்கள் கொண்ட ஒரு லயம் நாற்பது மீற்றர் நீளம் என்று கொண்டால், அப்படத்திலே அது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. பென்சிற் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். 1:1,000,000 அளவான உலகப் படமாயின் ஒரு மில்லிமீற்றர் ஒரு கிலோமீற்றர். அப்புள்ளிக்குள் தோட்டத்தின் ஒரு டிவிசனே அடங்கிவிடும். காகிதப் படத்தில் இது கண்ணுக்குத் தெரியும். திரையிலோ விரலால் விரிக்க விரிக்கப் படம் பெரிதாகிறது. பாறைகளைப் பிரிக்கும் கோடு லயத்தின் கூரைக்குக் குறுக்கே ஓடுவதுபோலத் தோன்றுகிறது. கோடு பெரிதாயிற்றேயன்றித் திருத்தமாகவில்லை. அதை வரைந்தவர் அந்த லயத்தண்டை வந்திருக்கவே மாட்டார். முகட்டில் ஒரு கல்லையும், ஆற்றோரத்தில் ஒரு கல்லையும் கண்டு, இடையிலுள்ளதை அறிவால் இணைத்திருப்பார். ஆகவே எப்படத்தை எடுத்தாலும் அதன் அளவுத்திட்டத்தையும் ஆண்டையும் முதலிற் குறித்துக்கொள்ளாத மாணவனுக்கு நான் புள்ளி இடுவதில்லை.

இரண்டாவது குழியில் நானே விழுந்திருக்கிறேன். முன்னொரு முறை மாணவர் இருவருடன் சேர்ந்து, பழைய நில அளவைப் படமொன்றிலிருந்து லயங்களின் ஆள்கூறுகளைக் கணித்து, அவற்றைக் கணினியிலுள்ள செய்மதிப் படத்தின்மேல் இட்டேன். லயங்கள் யாவும் ஓடைக்கு அக்கரையிலே போய் நின்றன. அரைநாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், கணக்கிற் பிழையில்லை. பழைய படங்கள் கண்டவளை என்னுமிடத்தை ஆதாரமாகக் கொண்ட தளத்தில் வரையப்பெற்றவை. செய்மதி வழிகாட்டிகள் உலகுக்குப் பொதுவான வேறொரு தளத்தைக் கொண்டவை. ஒன்றன் எண்களை மற்றொன்றில் அப்படியே இட்டால் இடம் 100 மீற்றருக்கும் அதிகமாக விலகிவிடும். மாற்றுதற்குரிய வாய்பாடுகள் படமாக்கும் மென்பொருள்களிலே உள்ளன. மாற்ற வேண்டும் என்பதுதான் எங்களுக்கு அன்று தெரியாதிருந்தது.

இனிச் சாய்வுக்கு வருவோம். பாறைப்படங்களிலே சிறு கோடொன்றின் நடுவில் இன்னுஞ் சிறிய கோடொன்று முளைத்திருப்பதையும், அருகே ஓர் எண் எழுதப்பெற்றிருப்பதையும் காணலாம். நீண்ட கோடு பாறைப்படை ஓடும் திசை. குறுங்கோடு அப்படை எப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்கின்றது என்பது. எண், சாய்வின் பாகை. இதனை மலையின் சரிவோடு ஒப்பிடல் வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படங்களிலே சமவுயரக் கோடுகள் 20 மீற்றருக்கு ஒன்றாக உள. இரு கோடுகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றர் இருப்பின் நிலத்திலே அது 50 மீற்றர். உயர்வு 20 மீற்றர். சரிவு ஏறக்குறைய 22 பாகை. இடைவெளி அரை மில்லிமீற்றராயின் சரிவு 39 பாகையை அணுகும். பாறைப்படையும் மலைச்சரிவும் ஒரே பக்கமாகச் சாயின், மேலுள்ள மண்ணும் உக்கிய கல்லும் சாய்த்து வைத்த பலகைமேல் இட்ட பொருளை ஒக்கும். எதிரெதிராகச் சாயின் படிக்கட்டின்மேல் இட்ட பொருளை ஒக்கும். முதலாவது வழுக்கும் தன்மையது. இரண்டாவதிலே செங்குத்தான முகப்பிலிருந்து கற்கள் உடைந்து விழும். விழுந்தவை அடிவாரத்திலே குவியும். இவ்வாறு குவிந்த பழைய சரிவு மண்ணின்மேல் லயம் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்ததை இங்கே நினையாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியோர் வேலைக்கும் புறப்படும் வேளையில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. மண்ணுள் மறைந்தோர் அனைவரையும் மீட்டெடுக்கவும் இயலவில்லை. அவ்விடம் அப்புத்தளைத் தென்சரிவின் கீழ், பழைய சரிவு மண் தங்கியிருந்த இடம். அது அபாயமான இடமென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சிலே பூனாகலைக் கபரகலையிலும் மலை சரிந்தது. படம் இல்லாமையால் நேர்ந்த கேடு இது என்று எவரும் சொல்வதற்கில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் இவ்வபாயப் படங்களை வரையத் தொடங்கியபோது முதலிலே எடுத்துக்கொண்ட இரு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. படம் இருந்தது, லயத்திலிருந்தவர் கைக்கு அது வரவில்லை. வந்திருப்பினும் அவருக்குப் போக வேறு நிலம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடின் நான் உண்மையின் பாதியைச் சொன்னவனாவேன்.

அவ்வபாயப் படம் எங்ஙனம் ஆக்கப்படுகிறது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஓரிடத்துக்கு 100 புள்ளிகள் வைத்துக் கணிப்பர். பாறையும் அதன் அமைப்பும் 20 புள்ளி, மேல்மண்ணின் வகையும் தடிப்பும் 10, சரிவின் அளவு 25, நீரோட்டமும் வடிகாலும் 20, நிலத்தைப் பயன்படுத்தும் முறை 15, நிலவுருவம் 10. கூட்டுத்தொகையைக் கொண்டு, சரிவு பெரிதும் நிகழத்தக்க இடம் முதல், நிகழாதெனக் கருதத்தக்க இடம்வரை வகுப்பர். இக்கணக்கை உற்று நோக்குங்கள்: பாறைப்படம் எத்துணை நுட்பமாயினும் அது சொல்வது ஐந்திலொரு பங்கே. பச்சை நிறத்தைக் காட்டிய மாணவனுக்கு நான் கூறிய விடையின் சாரமும் இதுதான். எஞ்சிய நான்கு பங்கையும் அவன் தன் தோட்டத்திலேயே காணலாம். அங்கே சரிவு உண்டு. அடைபட்ட கான் உண்டு. தேயிலை பிடுங்கப்பட்டுப் புல்லேறிய மலை உண்டு. சென்ற ஆண்டு ஓரிடத்திலும் இவ்வாண்டு வேறிடத்திலும் கசியும் ஊற்று உண்டு. 15 புள்ளி பெறும் நிலப்பயன்பாடு மனிதர் கையிலுள்ளது. கான் வெட்டும் வேலைக்கு ஆள் போடாத தோட்டத்திலே இந்தப் புள்ளி ஆண்டுதோறும் ஏறும்.

நிலத்தடியிலே என்ன நடக்கும் என்பதற்கு உமாஓயாத் திட்டம் நம் கண்முன் உள்ள பாடம். ஆற்று நீரை மலையூடாக வெல்லவாயப் பக்கம் கொண்டுசென்று 120 மெகாவாற் மின்னாக்கும் இத்திட்டத்தின் சுரங்கம் தோண்டப்படுகையில், 2014 ஆம் ஆண்டின் இறுதியிலே சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்தது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. பாறையின் பிளவுகளே அந்நீரின் வழி. மின்னிலையம் 2024 ஏப்ரிலிலே திறக்கப்பட்டது. பாறைப்படத்திலுள்ள பிளவுக் கோடுகளையும், தன் ஊரிலே வற்றிய கிணறுகளையும் ஒரே தாளிற் குறித்து, இரண்டுக்கும் தொடர்புண்டா எனப் பார்ப்பது உயர்தர வகுப்பு மாணவனுக்குத் தக்க ஆராய்ச்சி. தொடர்பு இல்லையென்று முடிந்தாலும் அதுவும் முடிபே. இல்லாத தொடர்பை எழுதுவதுதான் குற்றம்.

நிகழ்ச்சிகளைத் தொகுத்த தரவுத்தளங்களும் உள. அனர்த்தங்களைப் பதிவுசெய்யும் டெஸ்இன்வென்ரார் என்னும் களஞ்சியத்தில் இலங்கைக்குரிய செய்திகள் 1974 முதல் உள்ளன. அமெரிக்க நாசா நிறுவனம் 2007 முதல் நிகழ்ந்த, மழையால் விளைந்த சரிவுகளை உலகெங்குமிருந்து தொகுத்துள்ளது. இவற்றைத் தேடும்போது ஊர்ப்பெயரை ஒரே எழுத்தில் எழுதித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு தோட்டத்திற்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வழங்கும் தமிழ்ப்பெயர் மற்றொன்று, கிராம அலுவலர் பிரிவின் சிங்களப் பெயர் வேறொன்று. மூன்றையும் முதலிற் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் பலவாறாக எழுதித் தேடல் வேண்டும். மேலும், நாசாவின் தொகுப்பு பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து எடுக்கப்பட்டது. இடத்தின் திருத்தம் எத்தனை கிலோமீற்றர் என்பதற்கு அதிலே தனி நிரலொன்று இருக்கிறது. மாணவர் அதைப் பார்ப்பதில்லை. உயிர்ச்சேதமின்றிச் சரிந்த ஒரு மலை செய்தியாகாமலே போதலும் கூடும். ஆகவே தரவுத்தளத்திலே பெயர் இல்லாத தோட்டம் சரியாத தோட்டம் என்று பொருள்படாது.

உயரத்துக்கு 2000 பெப்ரவரியிலே விண்ணோடமொன்று றேடார் கொண்டு அளந்த எண்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 30 மீற்றர்ச் சதுரத்துக்கு ஓர் உயரம். வாடியா கண்ட படிகளைப் பதுளையிலிருந்து அப்புத்தளை வழியாக வெல்லவாயவரை ஒரு குறுக்குவெட்டு வரைந்து மாணவன் ஒரு மாலையிலே கண்டுவிடலாம். ஆயின் லயத்தின் பின்னுள்ள மண்வெட்டை அதிலே தேடக்கூடாது; முழு லயமே இரண்டு சதுரத்துள் அடங்கிவிடும்.

இவ்வளவும் கற்ற மாணவன் செய்யத்தகாதது ஒன்றுண்டு. “உங்கள் லயம் சரியும்” என்று ஊரிலே போய்ச் சொல்லுதல். அது அதிகாரமுடையோர் ஆய்ந்து சொல்லவேண்டியது. அவன் செய்யத்தக்கது, கண்டவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி, ஆசிரியர் வாயிலாக மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் சேர்ப்பித்தல். வெடிப்பு எவ்விடத்தே, எத்தனை விரல் அகலம், என்று முதல் கண்டது, ஊற்று நீர் கலங்கிற்றா, மரங்கள் சாய்ந்தனவா என்பன போன்ற செய்திகளை, கொழும்பிலிருந்து வரும் எந்தப் படமும் கொண்டிராது. வெடிப்பு விரிந்தால், ஊற்று திடீரெனக் கலங்கினால், எழுதிக்கொண்டு நிற்காமல் ஆட்களை வெளியேறச் செய்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இறுதியாக மழை. அந்நிறுவனம் எச்சரிக்கைக்குக் கொண்ட அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் புறப்பட ஆயத்தம், 150 ஆனாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ வெளியேறல். நம் மலைகளிலே ஒரு கணவாயின் இப்பக்கம் கொட்டும் மழை அப்பக்கம் தூறலாகும். பதுளை நகரின் அளவு பூனாகலைக்குப் பொருந்தாது. எனினும் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் ஆபீசருகே மழைமானி ஒன்றுண்டு. காலைதோறும் அளந்து எழுதும் புத்தகமும் உண்டு. சிலவற்றிலே பல பத்தாண்டுகளின் கணக்கு அலுமாரிக்குள் கறையானுக்கு இரையாகிக் கிடக்கிறது. எந்த இணையக் களஞ்சியத்திலும் இல்லாத களஞ்சியம் அது. தோட்ட ஆபீசுகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கடமையாற்றும் நம் பழைய மாணவர் பலர். அவர்கள் மேலதிகாரிகளின் இசைவு பெற்று அப்புத்தகங்களைப் பார்வையிட வழிசெய்வாராயின், பள்ளி விடுமுறையிலே நம் மாணவர் வந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எண்களைக் கணினியில் ஏற்றி, ஒரு பிரதியைத் தோட்டத்துக்கே திருப்பித் தருவர். முதலில் எந்தத் தோட்டம் என்பதை அந்தப் பண்டாரவளைப் பையன் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டான். ஆபீசிலே அவன் பாட்டனார் காலத்துப் புத்தகம் இருக்கிறதாம்.